கொல்லை வாழையும் தணலில் சுட்ட அடையும்

நம் சங்கத்து அங்கத்தினர்களில் வாழை பயிரிடுவோரும் உண்டு. தறி நெய்வோரும் உண்டு. பயிரிடுவோர் தோட்டத்தில் வாழை நிற்பது வியப்பன்று. ஆனால் தறி வீடுகளிலும் கிணற்றடியிலோ, அடுக்களைத் தண்ணீர் வழிந்தோடும் கொல்லைப்புறத்திலோ இரண்டு வாழை நிற்பதை நாம் எங்கும் காண்கிறோம். பாத்திரம் துலக்கிய நீரே அதற்குப் பாசனம். அடுப்புச் சாம்பலே உரம். இலை, பூ, தண்டு, காய், கனி ஆகிய அனைத்தும் வீட்டுக்கு ஆகின்றன.

இத்தனை நன்மை செய்யும் வாழையிடத்தில் ஒரே ஒரு தொல்லை உண்டு. பதினோரு மாதம், பன்னிரண்டு மாதம் காத்திருந்து பெறும் குலை, ஒரே வாரத்தில் முழுவதும் பழுத்துவிடுகிறது. பூவன் குலை ஒன்றில் நூறு காய்களுக்கு மேல் இருக்கும். ஐந்தாறு பேர் கொண்ட குடும்பம் அத்தனையையும் ஒரு வாரத்தில் உண்பது எங்ஙனம்? முதல் நாள் விருந்து. மூன்றாம் நாள் சலிப்பு. ஆறாம் நாள் ஈ மொய்ப்பு. எட்டாம் நாள் எருக்குழி. கடைக்காரரிடம் கொண்டு சென்றாலோ, பழுத்த குலைக்கு அவர் சொன்னதே விலை. வாழைப்பழம் காத்திருக்காது என்பதை நம்மைவிட அவர் நன்கு அறிவார்.

இவ்வாறு வீணாகும் பழத்தைக் கொண்டு, எளிய செலவில், குடும்பத்தார் அனைவரும் விரும்பி உண்ணும் பலகாரம் ஒன்றைச் செய்யும் முறையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எண்ணெயில் பொரிப்பதன்று, ஆவியில் வேக வைப்பதுமன்று. மேலும் கீழும் சூடு கொடுத்துச் சுட்டெடுப்பது. நகரத்து ரொட்டிக் கடைகளில் ‘கேக்’ என்று விற்பதற்கு இது நெருங்கிய உறவு. எங்கள் வீட்டில் இதற்குச் ‘சுட்ட அடை’ என்றே பெயர்.

வெள்ளம் கற்பித்த பலகாரம்

இப்பலகாரம் எங்கள் வீட்டிற்கு வந்த வரலாற்றை முதலில் சொல்ல வேண்டும். 1977ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் புயலும் பெருமழையும் திருச்சிராப்பள்ளியைத் தாக்கின. உறையூர்ப் பகுதியில் வெள்ளம் புகுந்தது. எனக்கு அப்பொழுது பத்து வயது. எங்கள் தெருவில் இருந்தவை யாவும் குழித்தறிகள். நெசவாளர் கால்களைத் தொங்கவிட்டு மிதிக்கும் அக்குழிகளில் இடுப்பளவு நீர் நின்றது. தெருவில் நீர் வடிந்த பின்னும் குழியில் ஊற்று நிற்கவில்லை. காலையில் இறைத்தால் மாலைக்குள் மறுபடியும் முழங்கால் அளவு ஊறிவிடும். தறியில் இருந்த பாவு ஈரம் ஏறி இழை இழையாக அற்றது. புதுப்பாவு விரித்துக் கஞ்சி தோயவோ வெயிலும் இல்லை, உலர்ந்த தெருவும் இல்லை. நெய்தால்தான் கூலி; கூலி வந்தால்தான் அரிசி. அந்நிலையில் எத்தனை நாள் கடத்துவது என்பதே வீடுதோறும் பேச்சாயிற்று.

கொல்லையில் இருந்த பூவன் வாழை காற்றில் சாய்ந்து, மதிற்சுவரில் தலையை வைத்துக் கொண்டு நின்றது. குலை முக்கால் பங்கு முற்றியிருந்தது. ஒரு வியாபாரி வந்து பார்த்து, ஒரு வேளை அரிசிக்கும் காணாத தொகையைச் சொன்னார். தந்தையார் சரி என்னும் நிலையில் இருந்தார். என் தாயார் மட்டும், “அந்தக் காசு ஒரு வேளைக்கு, குலை ஒரு வாரத்துக்கு” என்று சொல்லிக் குலையை வெட்டி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

ஒரு வாரத்துக்கு என்று அவர்கள் சொன்னது தவறாகவில்லை. ஆனால் அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே எல்லாம் பழுத்துவிட்டது. வெறும் பழத்தையே மூன்று வேளையும் தின்று பிள்ளைகள் முகம் சுளித்தோம். நியாய விலைக் கடையில் வாங்கிய கோதுமை கொஞ்சம் வீட்டில் இருந்தது. தாயார் அதை மாவாக்கிப் பழத்தோடு பிசைந்து, சட்டியில் ஊற்றி, மூடி அடுப்பில் வைத்தார்கள். அடி கரிந்து போயிற்று. நடு பச்சையாக இருந்தது. அதையும் எறியவில்லை. கரிந்ததைச் சுரண்டிவிட்டு, மீதியைக் கல்லில் மறுபடி சுட்டு உண்டோம்.

மறுநாள் என் அத்தை வந்தார்கள். அவர்களுடைய கணவர் பொன்மலை இரயில்வே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே அடுத்த வீட்டில் குடியிருந்த ஆங்கிலோ இந்திய அம்மையார் ஒருவர், கிறிஸ்துமஸ் காலத்தில் மணற்சட்டியில் தணல் வைத்துக் கேக் சுடுவதை அத்தை பார்த்திருந்தார்கள். தாயார் சொன்னதைக் கேட்டுவிட்டு, “அண்ணி, மாவிலே குற்றமில்லை, நெருப்பிலேதான் குற்றம். அடியிலே மட்டும் எரித்தால் எப்படி வேகும்? அடியிலே கொஞ்சம் தணல், தலையிலே நிறையத் தணல். நடுவிலே மணல். அவ்வளவுதான்” என்றார்கள்.

அடுத்த அடை வேறு எங்கும் குறை சொல்ல முடியாதபடி வந்தது. அதன் மணம் தெருவில் பரவவே, பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தனர். அவர்கள் வீட்டில் வெல்லம் இருந்தது, மாவு இல்லை. எதிர் வீட்டில் கடலை எண்ணெய் இருந்தது, வெல்லம் இல்லை. கோடி வீட்டில் கொட்டாங்கச்சிக் கரி ஒரு சாக்கு நனையாமல் தப்பியிருந்தது. எங்களிடம் பழம் இருந்தது. நான்கு வீட்டாரும் இருந்ததைக் கொண்டு வந்தனர். எங்கள் கொல்லைத் தாழ்வாரத்தில் இரண்டு நாட்களில் எட்டு அடைகள் சுட்டு, ஒவ்வொன்றையும் நான்காக அறுத்துப் பங்கிட்டார்கள். தாயார் நூலைக் கட்டி அறுத்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு பங்கும் ஒரு விரற்கடை கூடவில்லை, குறையவில்லை.

அந்த அடையால் எங்கள் வறுமை தீர்ந்ததென்று சொன்னால் அது பொய்யாகும். தறிக்குழி உலர மேலும் பல நாட்கள் ஆயின; தந்தையார் வாங்கிய கடனை அடைக்கப் பொங்கல் கழிந்து பல மாதங்கள் சென்றன. ஆயினும் அந்த வாரத்தில் நான்கு வீட்டுப் பிள்ளைகளும் பசியோடு படுக்கவில்லை. ஒரு குலை வாழைக்கு அது பெருமை அல்லவா?

எந்தப் பழம் ஏற்றது?

தமிழ்நாட்டில் விளையும் வாழை வகைகள் பலவாகும். அவை யாவும் இப்பலகாரத்துக்கு ஒரே விதமாக ஒத்துவருவதில்லை.

பூவன் மிகவும் ஏற்றது. அதில் இனிப்போடு இலேசான புளிப்பும் உண்டு. அப்புளிப்பு சோடா உப்போடு சேர்ந்து மாவை எழும்பச் செய்கிறது. கற்பூரவல்லி மிகுந்த இனிப்புடையது. அதைச் சேர்த்தால் வெல்லத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கொள்ளலாம். சில சமயம் அதில் கறுப்பு விதைகள் இருக்கும்; மசிக்கும்போது நீக்கிவிட வேண்டும். ரஸ்தாளி மணத்தில் சிறந்தது. ஆனால் அதில் சிற்சில பழங்களில் பழுக்காத கட்டிகள் நின்றுவிடுவதுண்டு. அக்கட்டிகளை எடுத்தெறிந்துவிட்டு மசிக்க வேண்டும். நேந்திரன் பழத்தை அப்படியே மசித்தால் திப்பி திப்பியாக நிற்கும். முதலில் தோலோடு ஆவியில் வேக வைத்து, பிறகு மசித்தால் நன்றாகக் கலக்கும். மொந்தன் கறிக்கே உரியது. அதைப் பழமாக்கிச் சுடுவதில் பயனில்லை.

பழத்தின் பக்குவமும் முக்கியமானது. முற்றிய வாழைக்காயின் சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாவுப்பொருள் இருக்கிறது. பழுக்கும் பொழுது அந்த மாவுப்பொருளில் மிகப் பெரும்பகுதி சர்க்கரையாக மாறிவிடுகிறது. ஆகவே தோலில் கறுப்புப் புள்ளிகள் விழுந்து, காம்பு மெலிந்து, உண்பதற்கு ஒரு நாள் தாமதமாகிவிட்டதே என்று நாம் எண்ணும் பழமே சுடுவதற்கு உகந்த பழம். கள் வாடை வீசினாலோ, சதை நீர்த்து ஒழுகினாலோ, பூஞ்சை தெரிந்தாலோ அது மாட்டுக்கும் எருவுக்குமே உரியது. சிக்கனம் வேறு, கெட்டதை உண்பது வேறு.

குலை ஒரே நாளில் பழுக்காமலிருக்க

குலை முழுதும் ஒன்றாகப் பழுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பழுக்கத் தொடங்கிய வாழைக்காய் எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயு பட்ட மற்றக் காய்களும் பழுக்கத் தொடங்குகின்றன. ஒரு பழம் தன் கூட்டத்தையே கூவி அழைப்பது போன்றது இது.

இதை அறிந்தவர் இரண்டு விதமாகவும் பயன் கொள்ளலாம். காலம் தாழ்த்த வேண்டுமானால், குலையை வெட்டியவுடன் சீப்புச் சீப்பாகப் பிரித்து, மேற்சீப்புகளை ஓர் அறையிலும் அடிச்சீப்புகளைக் காற்றோட்டமுள்ள வேறு இடத்திலும் வைக்க வேண்டும். மேற்சீப்புகளே முதலில் முற்றுபவை. அவையே முதலில் பழுக்கும். விரைவில் பழுக்க வேண்டுமானால், பழுத்த பழம் இரண்டைக் காய்களோடு ஒரு பானையில் இட்டு, வாழைச் சருகால் மூடி வைத்தால் போதும். காயைக் குளிர்ப்பெட்டியில் வைப்பது தவறு. ஏறத்தாழ 13 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் தோல் கறுத்து, காய் ஒழுங்காகப் பழுக்காமல் போகும்.

கார்பைடு கல் வைத்துப் பழுக்கச் செய்வதை நம் அங்கத்தினர் எவரும் செய்யலாகாது. சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. அதிலிருந்து வரும் வாயுவில் நச்சுப் பொருள்கள் கலந்திருக்கக் கூடும் என்பதே காரணம். அதற்கு மாறாக எத்திலீன் வாயுவை உரிய அளவில் பயன்படுத்தச் சட்டம் இடந்தருகிறது. வீட்டுக் குலைக்கோ அதுவும் வேண்டுவதில்லை. பானையும் சருகும் போதும்.

வேண்டிய பொருள்கள்

ஆறு பேருக்குப் போதுமான ஓர் அடைக்கு அளவு பின்வருமாறு:

நன்கு பழுத்த வாழைப்பழத்தின் சதை 300 கிராம் (பூவனானால் ஆறேழு பழங்கள்), சலித்த கோதுமை மாவு 200 கிராம், வெல்லம் 150 கிராம், நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய் இவற்றுள் ஏதேனும் ஒன்று 75 மில்லி, சற்றுப் புளித்த தயிர் 50 மில்லி, சமையல் சோடா முக்கால் தேக்கரண்டி, தலை தட்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் நான்கு, சுக்குப் பொடி கால் தேக்கரண்டி. வசதியுள்ளவர் வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை ஒரு கைப்பிடியை ஒன்றிரண்டாக உடைத்துச் சேர்க்கலாம்.

கோதுமை மாவில் பாதியைக் குறைத்து அதற்கு ஈடாகக் கேழ்வரகு மாவு சேர்ப்பதும் நன்று. முழுவதும் கேழ்வரகாகச் செய்தால் அடை பிடிப்பின்றி உதிர்ந்துவிடும். கோதுமையில் உள்ள பசைத்தன்மை கேழ்வரகில் இல்லை.

செய்முறை

வெல்லத்தைத் தட்டி, இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஆற வைக்க வேண்டும். சூடான பாகை மாவில் ஊற்றினால் மாவு கட்டி தட்டும். பழத்தைக் கையால் நன்கு மசித்து, ஆறிய வெல்லக் கரைசல், எண்ணெய், தயிர் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக் கலக்க வேண்டும்.

மாவு, சோடா, உப்பு, ஏலப்பொடி, சுக்குப் பொடி ஆகியவற்றை ஒன்றாக இருமுறை சலித்து வைத்துக் கொள்ள வேண்டும். சோடா ஓரிடத்தில் தங்கினால் அவ்விடம் கசக்கும்.

நெருப்பும் சட்டியும் ஆயத்தமாகும் வரை மாவையும் பழக்கலவையையும் சேர்க்கவே கூடாது. இதை நம் சகோதரிகள் சிறப்பாக நினைவில் வைக்க வேண்டும். சோடா உப்பு தயிரின் புளிப்போடு சேர்ந்தவுடன் நுரைத்துக் காற்றை வெளிவிடுகிறது. அந்தக் காற்று மாவுக்குள் இருக்கும்போதே சூடு பட்டால்தான் அடை எழும்பும். கலந்து வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போனால், காற்று போய்விடும்; அடை களிமண் போலாகும்.

பாத்திரம் 18 சென்டிமீட்டர் அகலமும் நான்கு விரல் உயரமும் உள்ளதாக இருக்கலாம். வாழையிலையை நெருப்பில் வாட்டி, பாத்திரத்தின் அடியிலும் சுற்றிலும் பரப்பி எண்ணெய் தடவினால், ஒட்டாது, மணமும் கூடும். எல்லாம் ஆயத்தமான பிறகு, மாவைக் கலவையில் கொட்டி, மரக்கரண்டியால் மாவு நனையும் அளவுக்கே கிளற வேண்டும். சப்பாத்தி மாவைப் பிசைவது போல் பிசைந்தால் இழுவைத் தன்மை ஏறி அடை தோல் போலாகும். இட்லி மாவை விடச் சற்றுக் கெட்டியாகக் கலவை இருக்க வேண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றலாகாது.

நெருப்பின் அளவு

சுடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, அத்தை கற்பித்த தணல் முறை. அடி கனத்த பெரிய சட்டியில் கழுவி உலர்த்திய ஆற்று மணலை இரண்டு விரல் உயரம் பரப்பி, அதன்மேல் ஒரு புரிமணை அல்லது இரும்பு வளையம் வைத்து, மூடிச் சூடேற்ற வேண்டும். மணல் சூடேறியதும் மாவுப் பாத்திரத்தை வளையத்தின் மேல் இறக்கி, குழிந்த தட்டால் சட்டியை மூடி, தட்டின் மேல் கொட்டாங்கச்சித் தணலைப் பரப்ப வேண்டும். அடியில் தணல் குறைவாகவும் மேலே மிகுதியாகவும் இருப்பதே நலம். மாவின் அடிப்பாகம் மணற்சூட்டில் தானே வெந்துவிடும். மேற்பாகத்துக்குத்தான் உதவி தேவை. புரிமணை வைக்கோலாலானதாயின் பற்றிக் கொள்ளும். இரும்பு வளையமோ, மூன்று சிறு ஓட்டுத் துண்டுகளோதான் பாதுகாப்பு.

மழைக்காலமாயினும் கரித்தணலை மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. கரி எரிகையில் நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு உண்டாகி உறக்கத்திலேயே உயிரைக் கொள்ளும். தாழ்வாரமோ, திறந்த கொல்லையோதான் இதற்கு இடம்.

இரண்டாவது, இன்று பெரும்பாலான வீடுகளில் உள்ள எரிவாயு அடுப்பும் அழுத்தக் கொதிகலமும் கொண்டு செய்யும் முறை. கொதிகலத்தின் ரப்பர் வளையத்தையும் மேலே இடும் குண்டையும் எடுத்துவிட வேண்டும். நீர் ஊற்றக் கூடாது. அடியில் கல்லுப்போ மணலோ பரப்பி, ஒரு தாங்கி வைத்து, மூடி, சிறு தீயில் பத்து நிமிடம் சூடேற்றிய பிறகு பாத்திரத்தை உள்ளே வைக்கலாம். நீரின்றிப் பன்முறை சூடேற்றினால் மெல்லிய கொதிகலம் நெளியக் கூடும். ஆகவே இதற்கென்று கனத்த பழைய கலம் ஒன்றை ஒதுக்கி வைப்பது சிக்கனம்.

இரண்டு முறையிலும் ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் எழும்பிய நடு உள்வாங்கும். பிறகு கழுவிய ஈர்க்குச்சி ஒன்றை நடுவில் குத்திப் பார்க்க வேண்டும். ஈரமாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஒட்டினால் மேலும் பத்து நிமிடம்.

வெந்ததும் உடனே அறுக்க வேண்டும் என்று பிள்ளைகள் அவசரப்படுத்துவர். இணங்கலாகாது. ஒரு மணி நேரமேனும் ஆற வேண்டும். அதற்குள் அறுத்தால் பிசுபிசுத்து உதிரும். முதல் நாளைவிட இரண்டாம் நாள் சுவை கூடும். மழைக்காலத்தில் இரண்டு நாளுக்கு மேல் வெளியில் வைத்தல் நன்றன்று; ஈரப் பலகாரமாதலால் பூஞ்சை விரைவில் பிடிக்கும்.

ஓர் எச்சரிக்கை

வெல்லம் சேர்ப்பதால் நீரிழிவு உள்ளவர்களும் தாராளமாக உண்ணலாம் என்றொரு எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. இது முற்றிலும் பிழை. வெல்லமும் பெரும்பாலும் சர்க்கரையே. பழுத்த பழத்திலுள்ளதும் சர்க்கரையே. தறியில் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கும் நம் நெசவாளர்களில் நீரிழிவு உள்ளோர் பலர். அவர்கள் மருத்துவர் சொன்ன அளவை மீறலாகாது. வளரும் பிள்ளைகளுக்கும், வெயிலில் உழைப்போருக்கும் ஒரு துண்டு நல்ல மாலைச் சிற்றுண்டியாகும். பெரியவர்களுக்கு ஒரு சிறு துண்டும், பேச்சுத் துணையும் போதும்.

பன்னிரண்டு மாதத்துக்கு முன் தொடங்கும் வேலை

நல்ல அடைக்கு நல்ல கன்றே தொடக்கம். தாய் மரத்தினின்று பிரிக்கும் கன்றுகளில், வாள் போன்ற குறுகிய இலையும் பருத்த கிழங்கும் உள்ளதே தேர்ந்தெடுக்கத் தக்கது. அகன்ற இலையோடு மெலிந்து நிற்கும் நீர்க்கன்று பார்வைக்கு அழகு, குலைக்கு உதவாது. ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழி தோண்டி, மக்கிய எருவும் மண்ணும் கலந்து நட வேண்டும். நீர் பாய வேண்டும். ஆனால் தேங்கக் கூடாது. பக்கக் கன்றுகளை அவ்வப்போது அறுத்து, குலை தள்ளிய பின் அடுத்த ஆண்டுக்கென்று ஒன்றை மட்டும் விட வேண்டும். கடைசிச் சீப்பு வந்ததும் பூவை ஒடித்துக் கறிக்கு எடுத்துக் கொள்ளலாம். புயல் மாதங்களுக்கு முன் சவுக்குக் கழியோ மூங்கிலோ முட்டுக் கொடுப்பதை மறக்கலாகாது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கரை கடந்த கஜா புயலில் காவிரிப் படுகையில் வாழையும் தென்னையும் எவ்வாறு சாய்ந்தன என்பதை நாம் கண்டோம். பெரும்புயலை எந்த முட்டும் தடுக்காது. சிறுகாற்றுக்கேனும் நம் கவனக் குறைவால் குலையை இழக்க வேண்டாம்.

இலைகள் குட்டையாகி, குறுகி, உச்சியில் கொத்தாக மேல்நோக்கி நின்றால் அது முடிக்கொத்து நோய். அசுவினிப் பூச்சியால் பரவும் இந்நச்சுயிரி நோய்க்கு மருந்தில்லை. கன்றைக் கிழங்கோடு தோண்டி அழிப்பதே வழி. ஒரு கன்றுக்காக இரங்கினால் தெருவிலுள்ள வாழை எல்லாம் கெடும். பழனி மலைப் பகுதியில் புகழ் பெற்ற விருப்பாட்சி வாழை பெருமளவு அழிந்ததற்கு இந்நோயே முக்கிய காரணம். கன்று பற்றிய ஐயங்களுக்குத் திருச்சிராப்பள்ளியில் 1993 முதல் இயங்கிவரும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தாரிடம் விளக்கம் பெறலாம்.

கூட்டுறவுக்கு இதில் இடம் என்ன?

அடை சுடுவதற்கும் கூட்டுறவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். நம் இயக்கத்தின் பிறப்பையே நினைவூட்ட விரும்புகிறேன். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இருபத்தெட்டுப் பேர் கூடி ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களில் பலர் கம்பளி நெசவாளர்கள். கூலி உயர்வு கேட்டுத் தோற்றுப் போனவர்கள். ஆளுக்கு ஒரு பவுன் வீதம் சேர்த்த மூலதனத்தைக் கொண்டு அவர்கள் கடையில் வைத்த சரக்குகள் எவை? மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்சு மாவு, மெழுகுவர்த்தி. சரியான எடையும் கலப்படமற்ற பண்டமும் வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. உலகக் கூட்டுறவுக்கு வித்திட்ட அக்கடையின் சரக்கில் மெழுகுவர்த்தி நீங்கலாக மற்றவையெல்லாம் ஒரு குடும்பத்துப் பலகாரத்துக்கு உரியவை என்பதை எண்ணும்போது, நெசவாளர் அடுப்பங்கரையைச் சிறிதாக மதிக்க மனம் வருவதில்லை.

1977இல் எங்கள் தெருவில் நான்கு வீட்டார் பழத்தையும் மாவையும் வெல்லத்தையும் கரியையும் ஒன்று சேர்த்தபோது ராச்டேல் என்ற பெயரை எவரும் கேட்டதில்லை. ஆயினும் அவர்கள் செய்தது அதுவேயாகும்.

ஆகவே என் ஆலோசனை எளியது. வாழை பயிரிடும் அங்கத்தினர் வண்டியில் ஏற்றத் தகாத பழுத்த சீப்புகளைக் கழித்துவிடுவது வழக்கம். அடிபடாத நல்ல பழமாயிருந்தால், அதை வாரம் ஒரு நாள் சங்கக் கிடங்கில் எடை போட்டு, அடக்க விலைக்கு நெசவாளர் குடும்பங்களுக்குக் கொடுக்கலாம். பயிரிடுவோருக்குக் கழிவு காசாகும். நெசவாளர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பலகாரமாகும். எடையும் விலையும் கரும்பலகையில் எழுதி வைக்கப்பட வேண்டும். நட்பில் நடக்கும் காரியத்துக்கும் கணக்கு வேண்டும். கணக்கு இல்லாத நட்பு நீடிப்பதில்லை.

பலகாரத்தைச் சுட்டு விற்கவும் மகளிர் குழுக்கள் முன்வரலாம். அவ்வாறு செய்வோர் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரச் சட்டத்தின்படி முதலில் பதிவு பெற வேண்டும்; செய்த நாளையும் சேர்த்த பொருள்களையும் உறையில் குறிக்க வேண்டும். வீட்டுக்குச் செய்கையில் எவ்வளவு தூய்மை வேண்டுமோ அதைவிட ஒரு மடங்கு மிகுதியாக விற்பனைக்கு வேண்டும். முதல் மாதத்திலேயே பெரிய இலாபம் கிட்டும் என்று எவரும் எதிர்பார்க்க வேண்டாம். பழம் வீணாகவில்லை என்பதே முதலாண்டின் இலாபமாக இருக்கட்டும்.

என் தாயார் இன்றில்லை. அவர்கள் அடை சுட்ட அந்தக் கனத்த சட்டி என் வீட்டில் இருக்கிறது. உள்ளே அதே காவிரி மணலும் இருக்கிறது. ஒவ்வோர் ஐப்பசியிலும் அடைமழை பிடித்துத் தறி நிற்கும் நாட்களில் அதை இறக்குகிறோம். அறுக்கும்போது என் மனைவி இன்றும் நூலைக் கட்டியே அறுக்கிறாள். பக்கத்து வீட்டுக்கு ஒரு துண்டு போன பிறகுதான் எங்களுக்கு.

வாசக அன்பர்கள் தம் கொல்லையில் அடுத்த குலை வெட்டும்போது ஆறு பழங்களை ஒதுக்கி ஒருமுறை செய்து பாருங்கள். முதல் அடை கரிந்தால் மனம் தளர வேண்டாம். எங்கள் வீட்டிலும் அது கரிந்தே தொடங்கியது. அடியில் தணலைக் குறையுங்கள், மேலே கூட்டுங்கள்.